பருப்பளவு எலும்பு

எனக்கு வலித்ததெல்லாம் வலது முழங்காலில்தான். எமர்ஜென்சி வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு அது. பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். எனக்குப் பதினைந்து வயது. கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும்போது காலை ஊன்றினால் முட்டிக்குள் ஊசி ஏறும். எஸ்டேட் கம்பவுண்டர் முட்டியைப் பிடித்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, சூடு இல்லை. தைலம் கொடுத்துத் துணி சுற்றிவிட்டார். ஐந்து மாதம் அந்தத் தைல வாசனையோடுதான் நான் மலையில் நடமாடினேன்.

என்னை அப்போது பார்த்தவர்கள் பத்து வயதுப் பிள்ளை என்று நினைப்பார்கள். முகம் உப்பியிருக்கும். தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். மற்றவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வியர்க்க வியர்க்க வேலை செய்யும் வெயிலில் எனக்குக் குளிரும். ஐந்தாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தேன். ஒரு கேள்வி கேட்டால் பதில் உள்ளே எங்கேயோ கிடக்கும். அது எழுந்து வாய்க்கு வருவதற்குள் டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். மந்தம் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். என் வயதுப் பெண்களெல்லாம் பெரியவளாகிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். மாதா மாதம் என் துணிகளைத் துவைக்கும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பாள்.

ஒரு நாள் ஈரச் சரிவில் கால் வழுக்கியது. பெரிய விழுதல் ஒன்றுமில்லை, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எழுந்திருக்க முடியவில்லை. வலது பாதம் என் சொல் கேட்காமல் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அப்பா தேயிலை ஃபாக்டரியிலிருந்து ஓடி வந்தார். கம்பளியைக் கழியில் தூளியாகக் கட்டி ரோடு வரைக்கும் தூக்கி வந்து, ஒரு லாரியில் ஏற்றினார்கள். போடிமெட்டு வளைவுகளில் லாரி திரும்பும்போதெல்லாம் அம்மா என் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கீழே சமவெளியில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் வாசலில் இறங்கினோம்.

எலும்பு டாக்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நரைத்த மீசை. அவர் முட்டியைத் தொடவே இல்லை. என் தொடையை மெதுவாக மடக்கினார். கால் தானாக வெளிப்பக்கம் சுழன்றது. நான் அலறினேன்.

“வலி முட்டியிலதான் தெரியும், நோவு இடுப்புல” என்றார் அம்மாவிடம். “ரெண்டுக்கும் ஒரே நரம்பு போகுதும்மா. பல பேரு இதுல ஏமாந்துதான் போவாங்க.”

எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் தலையில் ஒரு குண்டு இருக்கிறது. அதுதான் இடுப்புக் குழிக்குள் சுழல்வது. என் குண்டு அதன் கழுத்திலிருந்து நழுவிப் பின்பக்கமாகச் சரிந்திருந்தது. அடுப்புக் கல்லில் சரியாக வைக்காத சட்டி மாதிரி.

அதோடு விட்டிருந்தால் கம்பி வைத்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். அங்கே சின்ன வீக்கம் ஒன்று இருந்தது, எங்களுக்கு அது கழுத்தின் சதைதான். அந்தச் சோதனைக்கு நாற்காலியில் முட்டி போட வைப்பார்களாம்; என்னால் முடியாததால், படுத்தபடியே கணுக்காலுக்குப் பின்னால் ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி வரும்போது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவள் கதவைச் சாத்துவது போல, மெதுவாக, மெதுவாக இறங்கியது. நாலு பேரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். என் உடம்பில் ஏதோ வெட்கக்கேடு இருப்பதாக எனக்குப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு என் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். காலுக்கு வந்தவளுக்குக் கை எதற்கு என்று அம்மா பயந்தாள். டாக்டர் இரண்டு படங்களை ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது பதினஞ்சு வயசுப் பொண்ணு கை. இது உங்க மக கை. இதுக்கு வயசு எட்டுதான்.”

அம்மாவுக்குப் புரியவில்லை. “பொறந்த சீட்டு இருக்குய்யா, எஸ்டேட் ஆபீசுல எழுதியிருக்கு” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் சொன்னதை நான் பலமுறை யோசித்து, பலமுறை கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். எலும்பு எடுத்தவுடன் எலும்பாக வளர்வதில்லை. நுனியில் முதலில் குருத்தெலும்பு இருக்கிறது, காதுமடல் மாதிரி வளைகிற பொருள். அந்தக் குருத்தில் உள்ள செல்கள் வரிசை வரிசையாகப் பெருகுகின்றன. ஒரு கட்டத்தில் ஊதிப் பெரிதாகி முதிர்கின்றன. முதிர்ந்தபின் தங்கள் இடத்தை எலும்புக்குக் கொடுத்துவிட்டு இல்லாமல் போகின்றன. பிள்ளை உயரமாவது இப்படித்தான். ஆனால் ‘போதும், இனி முதிரு’ என்று அவற்றுக்கு ஒரு தாக்கல், ஒரு சேதி, வரவேண்டும். அந்தத் தாக்கலை அனுப்புவதில் முக்கியமானது கழுத்தில் இருக்கும் தைராய்டு என்ற சுரப்பி. அது சுரக்கும் நீர் ரத்தத்தோடு போய் உடம்பில் எல்லா இடத்திலும் சொல்கிறது.

“நீங்க கொழுந்து எடுக்கறவங்கதானே? கொழுந்து முத்தாமயே நின்னுட்டா என்னாகும்? அப்படித்தான். இவ குருத்துக்குத் தாக்கல் போய்ச் சேரல. முத்தாத குருத்து மேல உடம்போட பாரம் ஏறிருச்சு, சரிஞ்சிருச்சு.”

“தாக்கல் போனா முத்துமாய்யா?”

“முத்தும். மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு, ஆயுசுக்கும்.”

எனக்கு உடனே கம்பி வைக்கவில்லை. சுரப்பி இப்படி இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்றார்கள். காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் செங்கல்லைத் தொங்கவிட்டார்கள். ஏழு வாரம் அப்படியே மல்லாந்து கிடந்தேன். ஏலியாம்மா சிஸ்டர் காலையில் வந்து மாத்திரையை நாக்கில் வைப்பார். “பயப்படண்டா மோளே, இது நின்னெ வலிய பெண்ணாக்கும்” என்பார் மலையாளத்தில்; இது என்னைப் பெரிய பெண்ணாக்கிவிடுமாம். அம்மா வெளிக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவாள். என் முதுகில் புண் வரக்கூடாது என்று பகலெல்லாம் கையை அடியில் விட்டுத் தேய்த்துவிடுவாள். கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய விரல்கள். சொரசொரப்பாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

மூன்றாவது வாரத்தில் எனக்குப் பசித்தது. அதற்கு முன் பசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு வியர்த்தது. அப்புறம் ஒரு நாள் சிஸ்டர் ஏதோ கேட்க, அவர் கேட்டு முடிக்கும் முன்பே என் வாய் பதில் சொல்லிவிட்டது. அம்மா கஞ்சிச் சட்டியோடு அப்படியே நின்றாள். “ஏட்டி தங்கம், இன்னொருக்கச் சொல்லு” என்றாள். எங்கள் லயத்தில், எஸ்டேட்டின் அந்த வரிசை வீடுகளில், மூடுபனி விலகும்போது எதிர் மலை திடீரென்று கிட்டத்தில் வந்து நிற்கும். எனக்குள் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் நாலு நாள்தான்.

டாக்டர் வார்டு சுற்றும்போது கேட்டார்: “வீட்ல வேற பிள்ளைங்க உண்டா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் தங்கை பேச்சிக்கு அப்போது ஆறு வயது. உட்கார மட்டும் தெரியும். நாக்கு வெளியே தள்ளியிருக்கும், வயிறு பானை மாதிரி, தொப்புள் பிதுங்கி நிற்கும். பேச்சு இல்லை. பார்ப்பதற்கு இரண்டு வயதுப் பிள்ளை. ஊரில் சாமி குற்றம் என்றார்கள், அம்மா மூன்று முறை குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்தாள். பேச்சி பிறந்த புதிதில் லயத்துப் பெண்களுக்கெல்லாம் அம்மா மேல் பொறாமை. அழாத குழந்தை. போட்ட இடத்தில் தூங்கும். பாலுக்குக் கூட எழுப்பத்தான் வேண்டும். “இப்படின்னா பத்துப் பிள்ள பெத்துக்கிடலாமே” என்பார்கள். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

“சொந்தத்துலயா கல்யாணம்?” என்று கேட்டார் டாக்டர்.

“எங்க அத்த மவந்தான்யா. ஏன், அது தப்பாய்யா?”

“தப்புன்னு சொல்லலம்மா. அந்தச் சின்னப் பிள்ளையக் கொண்டு வாங்க.”

கடிதம் போட்டு, நாலாம் நாள் அப்பா வந்தார். பேச்சியைத் தோளில் சாய்த்து, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பஸ்ஸில் அவள் மூன்று முறை வாந்தி எடுத்தாளாம். அப்பாவின் சட்டை முழுக்க அது காய்ந்து ஒட்டியிருந்தது. டாக்டர் அவளை என் கட்டில் ஓரத்திலேயே உட்கார வைத்துப் பார்த்தார். நாக்கு, வயிறு, கழுத்து. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அதே நோய்தான். பெரியவளுக்குச் சுரப்பி கொஞ்சமாவது வேலை செஞ்சுது. இவளுக்குப் பொறப்புலேர்ந்தே ஒண்ணுமில்ல. இவளுக்கும் அதே மாத்திரைதான்.”

அம்மா கும்பிட்டாள். “எப்பய்யா பேசுவா?”

“வளருவா. நடப்பா.”

“அது சரிய்யா. பேசறது?”

அவர் மெதுவாகச் சொன்னார். எலும்பின் குருத்து காத்திருக்கும். தாக்கல் ஆறு வருஷம் கழித்து வந்தாலும், பத்து வருஷம் கழித்து வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும். மூளை அப்படி இல்லை. அது பிறந்த கொஞ்ச மாதங்களில் தாக்கலை எதிர்பார்க்கும். அப்போது வராவிட்டால், பின்னால் எவ்வளவு வந்தாலும் அந்த வேலை நடக்காது.

அம்மா கேட்டாள்: “அப்ப, பொறந்தவொடன கொண்டாந்திருந்தா?”

ஏலியாம்மா சிஸ்டர் என் தலையணையைச் சரிசெய்வது போல் திரும்பிக்கொண்டார்.

“அந்த மாத்திரையக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள் அம்மா. சிஸ்டர் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். காய்ப்பேறிய உள்ளங்கையில் அந்த வெள்ளைப் பொட்டு கிடந்தது. அம்மா அதைப் பார்த்தபடி, “இம்புட்டுத்தானா?” என்றாள். “இம்புட்டுத்தானாய்யா?” அப்புறம் மூன்று நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. என் முதுகைத் தேய்த்தாள், கஞ்சி ஊட்டினாள், எல்லாம் செய்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. என் புத்தி அப்போதுதான் விழித்திருந்தது. விழித்தவுடன் அது பார்த்தது இதைத்தான். எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்காது. நான் ஒவ்வொரு காலையும் மாத்திரையை விழுங்கும்போது திருடுவது போல இருந்தது.

நாலாம் நாள் அம்மா பேசினாள். டாக்டரிடம் அவள் கேட்டதை நான் என்றும் மறக்கமாட்டேன்.

“ஐயா, சின்னவளுக்கு மாத்திர வேண்டாம்.”

“ஏம்மா?”

“இப்ப இம்புட்டா இருக்கா. இடுப்புல வச்சுக்கிட்டு எங்கனயும் போயிருவேன். புத்தி வராம ஒடம்பு மட்டும் வளந்துச்சுன்னா? நாளைக்குப் பெரியவளாயிருவா. நாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போயிருவோம். லயத்துல அவள யாரு பாப்பா? பொம்பளப் பிள்ளைய்யா.”

தன் பிள்ளை வளரக்கூடாது என்று ஒரு தாய் கேட்டதை அங்கே யாரும் தப்பாகவும் நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா அதிகம் பேசாதவர். அவர் பேச்சியின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“குளிருது வெள்ளத்தாயி அவளுக்கு” என்றார் அம்மாவிடம். “ஆறு வருசமா குளிருது. மந்தம்னு நெனச்ச பெரியவ சொல்லுதால்ல, இப்பத்தான் குளிரலன்னு. சின்னவளால சொல்ல முடியாது, அம்புட்டுதான். குடுப்போம். வளந்தா வளரட்டும், பாத்துக்கிடுவோம்.”

அன்றே பேச்சிக்கு முதல் மாத்திரை கொடுத்தார்கள். அப்பாதான் பொடித்து வெல்லத்தோடு குழைத்துத் தந்தார்.

ஏழாவது வாரம் எனக்கு ஆபரேஷன். மூன்று மெல்லிய கம்பிகளை எலும்பின் கழுத்து வழியாக அந்தக் குண்டுக்குள் செலுத்தினார்கள், மேற்கொண்டு நழுவாமல் இருக்க. மறுபக்கமும் சரியலாம் என்று இடது இடுப்பிலும் வைத்தார்கள். ஏற்கனவே சரிந்ததை முழுதாகத் திருப்ப முடியவில்லை. வலது கால் அரை அங்குலம் குட்டை, இன்றும் சாய்ந்துதான் நடக்கிறேன். ஊன்றுகோலோடு மலையேறினேன். அடுத்த ஒரு வருஷத்தில் நாலு விரற்கடை வளர்ந்தேன். பெரியவளானேன். அம்மா சடங்கு வைக்கவில்லை, பொட்டு வைத்து நெற்றியில் முத்தமிட்டாள்.

பேச்சி எட்டு வயதில் நடந்தாள். நாக்கு உள்ளே போயிற்று, வயிறு அடங்கியது, முடி அடர்த்தியாக வந்தது. அழகான பிள்ளை. பஸ்ஸில் பார்க்கிறவர்கள் “உன் பேரு என்னம்மா?” என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள். இரண்டாவது தடவையும் கேட்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதற்குப் பிறகுதான், எமர்ஜென்சி நாட்களில், அம்மா மறுபடி உண்டானாள். நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது அவளை இழுத்துக்கொண்டு மலையிறங்கினேன். நாலில் ஒரு பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

“எனக்கு ரெண்டுல ரெண்டும் வந்துருச்சேய்யா” என்றாள் அம்மா. “கலச்சிரட்டுமா?”

“உங்க இஷ்டம்மா. ஆனா இந்தத் தடவ நான் பொறந்தவொடன பாத்துருவேன்.”

அம்மா கலைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. எட்டாம் மாதமே போய் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இருந்துகொண்டோம். பெண் குழந்தை. மீனா என்று ஏலியாம்மா சிஸ்டர்தான் பெயர் வைத்தார். அம்மா அவளைப் பார்த்த முதல் பார்வை முகத்தில் இல்லை, கழுத்தில். சத்தமாக அழுதாள் குழந்தை. அது நல்லதா என்று அம்மா எல்லோரிடமும் கேட்டாள்.

மறுநாள் குழந்தையின் முட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு, தொடை எலும்பு முட்டியில் முடியும் இடத்தில், குருத்துக்கு நடுவே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு எலும்புப் பொட்டு தோன்றியிருக்க வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும்போதே தாக்கல் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் அது. ரத்தச் சோதனை என்றால் பெரிய ஊருக்குப் போய் விவரம் வர வாரக்கணக்காகும். இது உடனே சொல்லிவிடும். டாக்டர் படத்தை ஜன்னலில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது எனக்குப் பார்க்கத் தெரியும். மேலே எலும்பு, கீழே எலும்பு. நடுவில் வெறும் இருட்டு.

“இருக்காட்டி?” என்று கட்டிலிலிருந்து கேட்டாள் அம்மா.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னைச் சொல்ல விட்டார்.

“இல்லம்மா.”

அம்மா அழவில்லை. “கொண்டாங்க அத” என்று கையை நீட்டினாள். கால்வாசி மாத்திரையைப் பொடித்து, தன் பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கில் கரைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் புகட்டினாள். பிறந்த இரண்டாம் நாள். அன்று முதல் ஒரு நாள் கூட அவள் அதை வேறு யாரிடமும் விட்டதில்லை.

மீனாவுக்கு மூன்றாம் மாதம் தலை நின்றது. ஆறில் உட்கார்ந்தாள். பத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றுக்கும் லயத்தில் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்தாள். அது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை; பேச்சி அதே மாதத்தில் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாசி மாதம் ஒரு மாலை. அம்மா எடை போட்டுவிட்டுக் கூடையோடு வந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்தாள். பேச்சி உள்ளே சுவரோரமாக உட்கார்ந்து ஒரு தீப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை எல்லோரும் கூப்பிடுகிற பெயர் அவளுடையதுதான்: பேச்சி சாப்பிடு, பேச்சி வெளிய போகாத, பேச்சி இங்க வா. மீனா தவழ்ந்து போய் அவள் முழங்காலைப் பிடித்து நின்றாள். தீப்பெட்டி வேண்டும் அவளுக்கு. இழுத்துப் பார்த்தாள். பிறகு முகத்தை நிமிர்த்தித் தெளிவாகச் சொன்னாள்:

“பேச்சி.”

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

“பேச்சி! தா!”

அப்பா ஓடி வந்து மீனாவைத் தூக்கி, “என்ன சொன்ன? என்னட்டி சொன்ன?” என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். மீனா அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். அம்மா அவளைத் தாண்டிப் போனாள். சுவரோரம் உட்கார்ந்து, தன் தோளுக்கு வளர்ந்துவிட்ட பேச்சியை இழுத்து மடியில் போட்டு, ஈரக் கொழுந்து வாசனை அடிக்கும் கைகளால் அவள் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.